நைனா மாத்திரை நின்றுபோன செய்தி

எலிகளிடம் பொறுமையாகவும் எங்களிடம் எரிந்து விழுந்தும் பேசிய என் வனஜாக்காவுக்கு,

நல்ல சேதி ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்கு ஆகாது. "சுமதி, முடிவ முதல்ல சொல்லு, கதய அப்புறம் கேக்கறேன்" என்பாய். முடிவு இதுதான். நைனா மாத்திரை நின்றுபோயிற்று. இனி அது எந்த மனிதர் வாயிலும் படாது. நிறுத்தியது நான்.

நம்மோடு வேலை செய்தவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில்தான் இதை எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் கேள்.

நம் அப்பாவின், நைனாவின் கால் எரிச்சலில்தான் எல்லாம் தொடங்கியது. சித்தூர் வெல்ல மண்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர், வெல்லத்தோடு சர்க்கரை வியாதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று நாம் கேலி செய்வோம். பாதம் எரியத் தொடங்கியபோது கேலி நின்றது. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்பார். ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் நின்றபடியே காபி குடிப்பார், நின்றபடியே பேப்பர் படிப்பார். டாக்டர்கள் கொடுத்த மாத்திரைகள் அவரை மந்தமாக்கின. எரிச்சல் அப்படியே இருந்தது.

நீ அப்போது வெளிநாட்டில் இருந்தாய். திருப்பதியில் கால்நடை மருத்துவம் படித்தவள் மாடு பார்க்கப் போவாய் என்று நைனா நினைத்தார். நீயோ ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனாய், அங்கிருந்து விமானம் ஏறினாய். ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தைமார்கள் "மாட்டு டாக்டரா?" என்று கேட்பார்கள். "மாடு இல்ல அத்த, எலி" என்று சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கை ரசிப்பாய்.

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரோ ஒருவர் புது மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அது மனிதர் வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் எலிக்கும் நாய்க்கும் கொடுத்து, எந்த உறுப்பு எந்த அளவில் கெடுகிறது என்று பார்க்க வேண்டும். உறுப்பைச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், அதைப் படித்துச் சொல்கிறவள் நீ. "மருந்து மேல சந்தேகப்படத்தான் நமக்குச் சம்பளம்" என்று புதிதாகச் சேர்கிறவர்களிடமெல்லாம் சொல்வாய்.

திடீரென்று ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தாய். ரேணிகுண்டா போகிற வழியில் மூடிக்கிடந்த மாம்பழக் கூழ் ஆலையை வாடகைக்குப் பிடித்தாய். குளிர் அறைகளின் தடித்த சுவர்கள் எலிகளுக்கு ஏற்றவை என்றாய். சுண்ணாம்பு அடித்தும் பினாயில் போட்டும் அந்தப் பழ வாசனை போகவே இல்லை. சென்னைப் பக்கம் ஒரு மாத்திரை ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த என்னையும் இழுத்துவந்தாய். "நான் வேல செய்யறேன், நீ குத்தம் கண்டுபிடி. சின்ன வயசுல இருந்து அதானே பண்ற" என்றாய். ஆட்கள் தெலுங்கில் உன்னைப் பெத்த மேடம், அதாவது பெரிய மேடம் என்றார்கள், என்னைச் சின்ன மேடம் என்றார்கள்.

ஊரார் மருந்துகளைச் சோதித்துக் கொடுத்துக் காலூன்றினோம். பிறகுதான் நீ உன் சொந்த மருந்தை எடுத்தாய். அதற்கு ஒரு குறியீட்டுப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. கூண்டு கழுவுகிறவர் முதல் கணக்கு எழுதுகிறவர் வரை எல்லோருக்கும் அது நைனா மாத்திரைதான். சர்க்கரை வியாதியால் கால் எரிந்து, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்த எலிகள், அந்த மருந்து உள்ளே போன பிறகு காலை ஊன்றி நின்றன. அன்று நீ கூண்டுகளுக்கு நடுவே நின்று அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அபூர்வம்.

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் அக்கா நம் பூஜை அறை வருகிறது.

கட்டடத்துக்குள் போகும் காற்றையெல்லாம் இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து அனுப்பும் இயந்திரம் பழைய பாய்லர் அறையில் இருந்தது. அந்த அறையில்தான் கொஞ்சம் இடமும் இருந்தது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு அங்கே ஒரு அலமாரி அடித்துத் திருச்சானூர்த் தாயார் படம் வைத்தாய். ஆனால் கட்டடத்தில் எங்கும் நெருப்பு கூடாது என்பது நான் போட்ட விதி. கற்பூரம் ஏற்றக் கூடாது, ஊதுவத்தி கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஆட்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆரத்தி இல்லாமல் என்ன பூஜை?

நீ ஒரு வழி சொன்னாய். ஏற்ற வேண்டாம், கட்டியாகவே தாயாருக்கு வைத்துவிடுவோம் என்றாய். பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் கற்பூரக் கட்டிகளை அடுக்கினோம். அடுத்த வெள்ளிக்குள் அவை இளைத்துப்போகும், சின்னக் கட்டிகள் காணாமலே போகும். "ஏத்தாமயே கரைஞ்சா தாயார் எடுத்துக்கினாங்கன்னு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ பாதி விளையாட்டாகச் சொன்னதை ஆட்கள் முழுசாக எடுத்துக்கொண்டார்கள். நைனா மாத்திரையின் சோதனை தொடங்கிய பிறகு போட்டி போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போய்க் கட்டிக் கட்டியாக வாங்கிவந்து வைத்தார்கள். தாம்பாளம் எப்போதும் நிறைந்தே இருந்தது. அந்தக் கோடையில் கற்பூரம் கரைந்த வேகத்தைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். கை கூப்பி நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அது எங்கே கரைந்து எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. திருப்பதியில் கற்பூர வாசனை வந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சோதனை முடிந்தபோது நீ படுக்கையில் விழுந்திருந்தாய். கணையத்தில் புற்று. வேலூருக்கும் திருப்பதிக்குமாக அலைந்தோம். மருந்து ஏறி முடியெல்லாம் கொட்டிப்போன தலையோடு லேபுக்கு வந்தாய். வழியில் பார்க்கிறவர்கள் "மலைக்குப் போய்வந்தீங்களா மேடம், தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்டார்கள். "ஆச்சு, கூட்டமே இல்ல" என்று பதில் சொன்னாய். உன் வியாதியை ஒளித்துவைக்க இந்த ஊரைவிட நல்ல ஊர் கிடையாது.

அந்த உடம்போடு கண்ணாடித் துண்டுகள் அத்தனையையும் நீயே படித்தாய். வெளியே கொடுக்கலாம் என்றேன், கேட்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாய். மருந்து கொடுத்த எலிகளின் கல்லீரலும் கொடுக்காத எலிகளின் கல்லீரலும் ஒரே மாதிரி இருந்தன. இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. உடம்பு சீக்கிரம் வெளியே தள்ளிவிடுகிறது, நல்லதுதான் என்று எழுதினாய். நாய்களிலும் அப்படியே. பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டாய். அதற்குப் பிறகு நீ மைக்ரோஸ்கோப்பைத் தொடவில்லை.

நீ போன பிறகு ஹைதராபாத்தில் ஒரு பெரிய கம்பெனி மருந்தை எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது. முதலில் நோயில்லாத இளைஞர்களுக்குக் கொடுப்பார்கள் இல்லையா, அதற்கு ஆட்களைக்கூடப் பொறுக்கிவிட்டார்கள். நைனா உன் படத்துக்கு முன்னால் நின்று, "உன் மாத்திர வருதும்மா" என்று சொன்னார். உன் பெயர் நிற்கப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

கம்பெனிக்காரர்கள் வழக்கப்படி இன்னொருவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்றார்கள். உன் இடத்துக்கு நான் எடுத்திருந்த ஷர்மிளா அதைச் செய்தாள். கர்னூல்காரி, உன்னைப் போலவே கால்நடை மருத்துவம் படித்தவள், உன்னை நேரில் பார்த்ததே இல்லை. சில நாள் கழித்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மருந்து கொடுத்த எலிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "மருந்து கொடுக்காத எலிகளுக்கு என்ன கொடுத்தீங்க மேடம்?" என்று கேட்டாள்.

தண்ணீரும் தீனியும் தவிர வேறொன்றும் இல்லை என்றேன். "அப்படின்னா அதுங்க கல்லீரல் ஏன் வீங்கிக்கிடக்கு?" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. நம் தொழிலில் சும்மா இருக்கும் எலியைத்தான் தராசுப் படிக்கல்லாக வைத்துக்கொள்கிறோம். மருந்து தின்ற எலியை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லையென்றால் கெடுதல் இல்லை என்கிறோம். படிக்கல்லே எடை தப்பியிருந்தால்? ஷர்மிளா வேறு இடங்களில் பார்த்த எலிகளின் கல்லீரலை நினைவில் வைத்திருந்தாள். அவற்றோடு ஒப்பிட்டால் நம் எலிகள் எல்லாமே, மருந்து தின்றதும் தின்னாததும், ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன.

பூச்சி மருந்தா என்று தேடினோம். கூண்டில் போடும் சக்கையா, தரை கழுவும் திரவமா என்று தேடினோம். ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாருங்கள் என்று ஆட்கள் ஷர்மிளாவையும் கூப்பிட்டார்கள். போனவள் பிரசாதம்கூட வாங்காமல் திரும்பி வந்தாள். "கர்ப்பூரம் அக்கட எந்துகு பெட்டாரு மேடம்?" என்றாள். காற்று இழுக்கிற வாய்க்கு நேர் எதிரில் தாம்பாளம் இருந்தது. அங்கே ஏன் வைத்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, விதி நான் போட்டது, வழி நீ சொன்னது என்று எப்படிச் சொல்வேன்?

உனக்கு விளக்க வேண்டியதில்லை. கற்பூரத்தை ஓயாமல் சுவாசிக்கிற எலியின் கல்லீரல் அதை வெளியே தள்ள ராப்பகலாக வேலை செய்யும். அப்படி முறுக்கேறிய கல்லீரலுக்கு நைனா மாத்திரை ஒரு பொருட்டே இல்லை. வந்த வேகத்தில் உடைத்துத் தள்ளியிருக்கிறது. நாம் கொடுத்த மருந்தின் முழுப் பாரத்தை அந்த எலிகள் ஒருநாள்கூடச் சுமக்கவில்லை. நாய்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தன. கற்பூரம் முகராத மனிதன் அதை விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் பதிலே இல்லை.

உடனே தெரியாது என்பதுதான் கஷ்டம். சோதனையை வேறு இடத்தில் திரும்பச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இளைஞர்கள் மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன். பேசிய கம்பெனி அதிகாரி மரியாதையானவர்தான். கல்லீரல் கொஞ்சம் பெரிதாக இருப்பது எங்கும் பார்ப்பதுதான், உங்கள் அக்கா எவ்வளவு பெரிய நிபுணர், அவர் பார்க்காததையா ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டாள் என்று கேட்டார். உன் பெருமையைச் சொல்லியே என் வாயை அடைத்தார். கோபம் வந்தது அக்கா. அவர் மேல் இல்லை, உன் மேல். அந்த உடம்போடு ஏன் படித்தாய்? யார் கேட்டார்கள்?

நைனாவிடம் சொன்னேன். சொல்லாமல் செய்திருக்கலாம், மனசு ஒப்பவில்லை. சாக்கின் மேல் நின்றபடி கடைசிவரை கேட்டார்.

"இப்போ இன்னாத்துக்கும்மா அத்த கிளறிக்கினு கீற?" என்றார். "அவ போய் வருசம் திரும்பல."

"ஆளுங்க முழுங்கப் போறாங்க நைனா."

"அவ தப்பா பாத்திருப்பாளா? உனக்கு எலின்னா பயம். உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியல. அதான் நிறுத்தணும்னு சொல்றேன்."

"செத்தவ மேல பழிய போடற. அவ வந்து பதில் சொல்லுவாளா? நீயும் நானும்தான் அவளுக்கு. நீயே இப்பிடி எழுதினா ஊர்ல அவ பேரு இன்னா ஆவும்?"

சோறு போட்டுவைத்தேன். "எனக்கு வாணாம், நீ துன்னு" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு சித்தூர் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், பேச்சு இல்லை. காலையில் ரயிலேறிப் பாகாலா தாண்டித் திருப்பதி போவேன். திரும்பி வந்தால் அவர் தட்டைத் தானே கழுவி வைத்திருப்பார். ஒரே மகளாக மிஞ்சியவள்மேல் அப்படிக் கோபித்துக்கொள்ள அவரால் முடிந்தது.

ஒன்று சொல்லட்டுமா? சும்மா இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. நாலு வரி எழுதாமல் விட்டால் போதும். உன் பெயர் நிற்கும், நம் கம்பெனி நிலைக்கும், நைனா என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். விழுங்கப் போகிறவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

எழுதினேன். மருந்தைப் பாதுகாப்பானது என்று சொன்ன அறிக்கையை நம்ப வேண்டாம், சோதனை நடந்த காற்றில் கற்பூரம் கலந்திருந்தது என்று அனுமதி கொடுத்தவர்களுக்கும் கம்பெனிக்கும் அனுப்பினேன். மனிதர்களுக்குக் கொடுப்பது நின்றது. தாம்பாளத்தை அன்றே எடுத்தோம். எடுக்கும்போது கூண்டு கழுவுகிற ரமணம்மா, "தாயார் மீத கோபமா சின்ன மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

பிறகு ஷர்மிளா வேறொரு ஊரில் வேறொரு கட்டடம் தேடிப் பிடித்தாள். அதே ஜாதி எலி, அதே தீனி, அதே அளவு மருந்து. கற்பூரம் மட்டும் இல்லை. போகிற போதெல்லாம் அந்த எலிகள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தால் நம் முட்டாள்தனம் ஒன்றுதான் மிஞ்சும், மருந்து தப்பிவிடும். உன்னைப் பார்த்து ஊர் சிரித்தாலும் நைனாவின் கால் ஆறும். சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிறவள் இப்படி வேண்டிக்கொள்ளலாமா? நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

முதலில் நன்றாகத்தான் இருந்தன. பிறகு ரோமம் சிலிர்த்து நின்றது. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தன. தீனியைத் தொடவில்லை. வெள்ளை எலியின் காது எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியுமே, அதில் மஞ்சள் முதலில் தெரியும் என்று நீதான் எனக்குக் காட்டினாய். எல்லாக் காதும் மஞ்சளாயின. ஷர்மிளா கூண்டுக்கு முன்னால் முட்டியிட்டு உட்கார்ந்திருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் கல்லீரலாக இல்லை.

நீ கண்டுபிடித்த மருந்து கால் எரிச்சலை ஆற்றும் அக்கா. அது உண்மை. அதோடு ஆளையும் கொன்றுபோடும்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். வெகுநாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அவர் சாக்கிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத விஷயம். நீயும் சொன்னதில்லை.

"அவகிட்ட நான் கேட்டேன். ஒரு பத்து மாத்திர எடுத்தாந்து குடு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு. முடியாதுன்னுட்டா. நான் கத்தினேன். ஊரான் வூட்டு புள்ளைங்களுக்குக் குடுக்கப் போற, பெத்தவனுக்கு இல்லியான்னு கேட்டேன். அழுதுக்கினே போயிட்டா."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"குடுத்திருந்தா துன்னிருப்பேன்" என்றார்.

அன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ருசித்துச் சாப்பிட்டார் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டார், அவ்வளவுதான்.

இனி நான் கேட்கப் போவதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உனக்கு வாயில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு நீ படித்த கண்ணாடித் துண்டுகளை நானே எடுத்துப் பார்த்தேன். படிக்கும்போது ஏதாவது ஓர் இடத்தில் சந்தேகம் வந்தால் கண்ணாடியின் மேல் நீல மையில் ஒரு புள்ளி வைப்பது உன் வழக்கம். திரும்ப வந்து பார்க்க வேண்டிய இடம் என்று அடையாளம். பார்த்து முடித்ததும் அழித்துவிடுவாய். மருந்து கொடுக்காத எலியின் கல்லீரல் ஒன்றில் அழிக்காத நீலப் புள்ளி இருக்கிறது.

அங்கே நின்றிருக்கிறாய். எதையோ பார்த்திருக்கிறாய். அப்புறம் என்ன ஆயிற்று? வாந்தி வந்து எழுந்துபோனாயா? மறந்துவிட்டாயா? நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்து, அந்த நாள் வராமலே போயிற்றா? அல்லது பார்த்து, புரிந்து, சாவதற்கு முன் இது ஒன்றாவது நல்லபடி முடியட்டும் என்று மேலே நகர்ந்துவிட்டாயா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெற்ற அப்பனுக்கே மாத்திரை தராதவள் அப்படிச் செய்திருப்பாளா என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒருநாள் அந்தப் பதில் போதுமானதாக இருக்கிறது. மறுநாள் போதவில்லை.

ஷர்மிளாவும் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறாள், முதல் நாளே. என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க அவங்க தங்கச்சி மேடம்" என்றாள்.

நம் கம்பெனியை மூடிவிட்டேன். ஹைதராபாத்காரர்கள் விலகிக்கொண்டார்கள், மற்றவர்களும் தங்கள் மருந்துகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காற்றில் சோதித்த எதையும் இனி யார் நம்புவார்கள்? ஆட்கள் சிலருக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. ரமணம்மாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆலைக்காரர் திரும்பவும் மாம்பழம் அரைக்கப் போகிறாராம். எனக்கு வேலை கேட்டுப் போன இடத்தில், குடும்பக் குற்றத்தைத் தானே வெளியில் சொன்னவள் என்று பாராட்டினார்கள். வேலை தரவில்லை.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். கற்பூரத்தால் ஒரு சோதனை முழுவதும் எப்படிப் பொய்யாயிற்று என்று ஷர்மிளாவும் நானும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறோம். நம் ஊர்களில் எத்தனை லேபில் இயந்திர அறையில் சாமி படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் போய்ப் பார்க்கட்டும். எழுதியவர்களில் முதல் பெயராக உன் பெயரைப் போட்டேன். பத்திரிகைக்காரர்கள் பதில் எழுதினார்கள். இறந்தவர் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் சம்மதம் தர வேண்டும், நான் கட்டுரையில் இருப்பதால் என் சம்மதம் செல்லாது என்றார்கள்.

நேற்று மாலை நைனாவிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதப் படிக்கத் தெலுங்குதான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நீலப் புள்ளியைப் பற்றியும் அதில் இருக்கிறது. முதலில் படித்தவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார், காரணம் எங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறோம். அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அவ பேரு எதுக்கு முதல்ல?" என்றார்.

"வேல அவளுதுதானே நைனா."

"தப்பும்?"

"தப்பும்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "எங்க போடணும் கையெழுத்து?" என்று கேட்டார்.

காட்டினேன். தெலுங்கில் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அவரே எழுதினார்.

அக்கா, உனக்கு நான் கொடுக்கிற வாக்கு சின்னது. இந்தத் தொழிலில் எவரேனும் உன்னைப் பற்றி என்னிடம் கேட்டால் முழுசாகச் சொல்வேன். காலூன்றிய எலிகளையும் சொல்வேன், மஞ்சளான காதுகளையும் சொல்வேன். அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்பேன். உன்னைக் காப்பாற்ற ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், என் கோபத்தில் ஒரு சொல் கூட்டவும் மாட்டேன். அந்தக் கண்ணாடித் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறவரை அந்த மையை யாரும் அழிக்க விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி